இறைவனின் உருவமும் யூத அறிஞரின் தஃவீலும்

மறைமலை நகரில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நாம் நடத்திவரும் ஓதல் வகுப்பில், சென்ற மாதம் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மாறுவேளைப் பணி பார்ப்பவரின் மகன். ஏழாம் வகுப்பு மாணவன். "ஹஜ்ரத், மூஸா நபிக்குத் தந்த கற்பலகைகளை அல்லாஹ் தன் விரலால் எழுதினான் என்று என் கூட்டாளியின் பைபிளில் போட்டிருக்கிறது. யூதர்கள் அல்லாஹ்வுக்கு விரல் இருக்கிறது என்றா நம்புகிறார்கள்?" என்று கேட்டான்.

'ஆம், அவர்கள் இறைவனுக்கு உடல் கற்பித்தவர்கள். நாம் கற்பிக்காதவர்கள்' என்று ஒரே வரியில் சொல்லி அவனை அமர்த்தியிருக்கலாம். நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நம் செவியில் விழுந்த விடையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் பிற்காலத்தில் யூத அறிஞர் அரபு மொழியில் எழுதிய நூல்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவ்விடை அரைகுறையானது என்பதை உணர்ந்தோம். நம் அகீதா நூல்களில் நாம் கண்ட அதே வினா, அதே கலைச்சொற்கள், அதே சினம், அதே தயக்கம் யாவும் அவர்களிடத்தும் இருந்தன. அவ்வரலாற்றைச் சிறுவனுக்குச் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே வாசகர்முன் வைக்கின்றோம்.

தொடங்கும் இடம் நாம் வாழும் ஊரின் பெயராகவே இருக்கட்டும். வேதாசலம் என்ற பெயருடன் 1876 இல் பிறந்த அறிஞர், தனித்தமிழ் இயக்கத்தின் வழி நின்று தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. ஆக, ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து நடத்துநர் நாள்தோறும் கூவும் நம் ஊரின் பெயரே ஒரு தர்ஜுமா. மறை என்ற சொல்லுக்கு வேதம் என்பதோடு ஒளித்து வைக்கப்பட்டது என்ற பொருளும் உண்டு. மொழி மாறும்போது ஒரு பொருள் துலங்குகிறது, மற்றொன்று மாறிவிடுகிறது. யூதரிடையே இறைவனின் உருவம் பற்றிய வினாவும் பெரும்பாலும் ஒரு தர்ஜுமாவில்தான் முதன்முதல் கூர்மை பெற்றது.

அவர்களின் மூலநூலிலேயே இருவகைச் செய்திகள் உள்ளன. மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் கூறும். இஸ்ரவேலரின் மூப்பர்கள் இறைவனைக் கண்டனர், அவன் பாதத்தின்கீழ் நீலக்கல் தளம் போன்ற ஒன்று இருந்தது என்று யாத்திராகமம் கூறும். எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி, அரியணைமீது மனிதச் சாயல் போன்ற ஒன்றைக் கண்டதாக எழுதுகின்றார். மறுபுறம், மூஸா (அலை) அவர்கள் இறைவனின் மாட்சியைக் காண வேண்டியபோது, தன்னைக் கண்டு எவரும் உயிருடன் இருக்க இயலாது என்ற மறுப்பே கிடைத்தது என்றும் அதே யாத்திராகமம் சொல்கின்றது. மலை நொறுங்கி மூஸா நபி மூர்ச்சித்து வீழ்ந்த செய்தியை நம் திருமறையின் ஏழாம் அத்தியாயத்தில் ஓதுகின்றோமல்லவா, அதை வாசகர் நினைவுகூரலாம். சீனாய் மலையடியில் குரலைத்தான் கேட்டீர்கள், உருவம் எதையும் காணவில்லை என்று உபாகமம் அம்மக்களுக்கு அழுத்தமாக நினைவூட்டுகின்றது. இவ்விரு வகையையும் எப்படி இணைத்துப் படிப்பது என்பதே அவர்கள் நடுவே எழுந்த சிக்கல்.

எபிரேயம் மக்கள் வழக்கினின்று நீங்கி அரமேய மொழி பரவிய காலத்தில், தொழுகைக் கூடங்களில் தவ்ராத்தை ஓதியபின் அரமேயத்தில் பெயர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டாயிற்று. அப்பெயர்ப்புக்குத் தர்கூம் என்று பெயர். நம் வீடுகளில் குர்ஆன் தர்ஜுமா என்கின்றோமே, அச்சொல்லோடு உறவுடையது இது. ஓங்கெலோஸ் என்பாரின் பெயரால் வழங்கும் தர்கூமே அவற்றுள் பெருமதிப்புக்குரியது. அதை இயற்றியவர் மூலத்தில் உடலின் வாடை வீசும் இடங்களில் எல்லாம் மிகக் கவனமாக நடக்கின்றார். இறைவன் இறங்கினான் என்றிருக்கும் இடத்தில் இறைவன் வெளிப்பட்டான் என்பார். மூப்பர்கள் இறைவனைக் கண்டனர் என்பதை இறைவனின் மாட்சியைக் கண்டனர் என்று மாற்றுவார். இறைவனைப் போர்வீரன் என்று மூலம் புகழுமிடத்தில், போர்களில் வெற்றியின் அதிபதி என்று பெயர்ப்பார். பொதுமக்கள் காதில் விழும் சொல் அவர்கள் உள்ளத்தில் ஓர் உருவத்தை வரைந்துவிடக்கூடாதே என்ற அச்சம் அவரை நடத்தியிருக்கின்றது.

ஆயினும் நம் சிறுவன் கேட்ட அந்த விரலை மட்டும் ஓங்கெலோஸ் மாற்றவில்லை! விரல் என்றே விட்டுவிட்டார். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த ஒரு பேரறிஞர் இதைக் கண்டு வியந்து, காரணம் தேடி ஒரு பகுதியே எழுதினார். அவரிடம் பின்னர் வருவோம்.

எல்லா யூதரும் இவ்வாறு அஞ்சினர் என்று சொல்வதற்கில்லை. ஷிஊர் கோமா என்றொரு நூல் அவர்களிடையே உலவியது. இறைவனின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, இத்தனை காதம் இத்தனை காதம் என்று அளவு சொல்லும் விந்தை நூல் அது. அவ்வளவுகள் மனித மனம் எட்ட முடியாதவை என்று காட்டவே எழுந்தது என்று சிலர் சமாதானம் கூறினர். யூதருள்ளேயே வாய்மொழி மரபை ஏற்காத கராயியர் இந்நூலைக் காட்டி ரப்பிமார்களை எள்ளினர். ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த நம் இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 384–456) அவர்களும் தம் சமய ஆராய்ச்சி நூலில் இதனை எடுத்துக்காட்டிக் கடுமையாகச் சாடியுள்ளார். யூதர் இறைவனுக்கு உடல் கற்பித்தவர் என்று நம்மிடையே நிலவும் எண்ணத்துக்கு இத்தகைய செய்திகளும் ஒரு காரணம் எனலாம். செய்தி பொய்யன்று, ஆனால் அதுவே முழுச் செய்தியுமன்று.

இனி, ஸயீத் இப்னு யூஸுஃப் அல்ஃபய்யூமி என்பாரைக் காண்போம். யூதர் இவரை ஸஅதியா காவோன் என்பர். எகிப்தின் ஃபய்யூமில் கி.பி. 882 இல் பிறந்து, 928 இல் இராக்கின் ஸூரா கல்விக்கூடத்துக்குத் தலைவராகி, 942 இல் மறைந்தவர். இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரி (ரஹ்) அவர்களின் காலத்தவர். முஃதஸிலாக்களும் அவர்களை எதிர்த்தோரும் பக்தாதில் சொற்போர் புரிந்த நாட்கள் அவை. ஸஅதியா தவ்ராத்தை அரபியில் பெயர்த்தார். அப்பெயர்ப்புக்குத் தஃப்ஸீர் என்றே பெயர் வழங்கலாயிற்று. 933 இல் கிதாபுல் அமானாத் வல் இஃதிகாதாத் என்ற கொள்கை நூலையும் அரபியிலேயே எழுதினார். தலைப்பைக் கேட்டால் நம் மத்ரஸா மாணவர் எவரும் இது யூதர் நூல் என்று ஐயுறார்.

இந்நூலில் அவர் வகுத்த நியதி இன்றும் நம் கவனத்துக்குரியது. வேத வசனத்தை அதன் வெளிப்பொருளிலேயே கொள்ள வேண்டும். விலகுவதற்கு நான்கு காரணங்களே உண்டு என்கின்றார். புலனறிவு மறுப்பது முதலாவது. ஆதமின் துணைவி உயிருள்ளோர் அனைவருக்கும் தாய் என்று வசனம் சொல்கின்றது. மாட்டுக்கும் சிங்கத்துக்கும் அவர் தாயல்லர் என்பதைக் கண்ணால் காண்கின்றோம். ஆகவே பேசும் உயிர்களுக்குத் தாய் என்று கொள்ள வேண்டும். பகுத்தறிவு மறுப்பது இரண்டாவது. இறைவன் எரிக்கும் நெருப்பு என்று ஒரு வசனம்; நெருப்போ படைக்கப்பட்டது, அணைவது; ஆகவே அவன் தண்டனை நெருப்பைப் போன்றது என்று பொருள். இறைவனைச் சோதிக்காதே என்று ஓரிடத்திலும் சோதித்துப் பாருங்கள் என்று வேறோரிடத்திலும் வருவதுபோல் ஒரு வசனத்தை மற்றொரு வசனம் தடுப்பது மூன்றாவது. முன்னோர் வழிவழியாகக் கையளித்த மரபு வேறு பொருள் சொல்வது நான்காவது. குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளையை, இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணும் எதற்கும் உரிய தடையாக மரபு விரித்தது இத்தகையது.

இந்நான்கும் இல்லாத இடத்தில் தஃவீல், அதாவது சொல்லை வெளிப்பொருளிலிருந்து திருப்பி வேறு பொருள் கொள்ளுதல், கூடாது. எவரும் தம் விருப்பம்போல் வேதத்தை வளைக்க அவர் இடந்தரவில்லை. இறைவனைப் பற்றி வரும் தலை, கண், செவி, வாய், முகம், கை, பாதம் முதலிய பத்துச் சொற்களை எடுத்து, மனிதர் பேச்சிலேயே இவை உருவகமாக வழங்குவதை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். தவ்ராத் மனிதரின் மொழியில் பேசுகின்றது என்பது ரப்பிமார்களின் பழைய விதி. வேறொரு சிறு இலக்கணச் சிக்கலுக்காக எழுந்த அவ்விதியை இக்கால அறிஞர் இப்பெரிய வினாவுக்குத் திறவுகோலாக்கினர். அப்படியானால் தீர்க்கதரிசிகள் கண்ட அந்த உருவந்தான் என்ன? அது இறைவனல்ல, தன் தூதருக்குச் சான்றாக இறைவன் படைத்துக் காட்டிய ஓர் ஒளி என்பது ஸஅதியாவின் முடிவு.

தமிழருக்கு இது விளங்காத செய்தியன்று. 'அவன் என்னைக் கைவிட்டான்' என்னும்போது நாம் எந்தக் கையைக் காண்கின்றோம்? 'கை ஓங்கியது', 'கைகொடுத்தான்' என்று நாளும் பேசுகின்றோம். இறைவனின் கை கட்டப்பட்டுள்ளது என்று யூதர் சிலர் கூறியதை அல்மாயிதா அத்தியாயத்தின் 64 ஆம் வசனம் கண்டித்து, அவன் கரங்கள் விரிந்திருப்பதாக விடை பகர்கின்றது. அங்கே பேசப்படுவது கஞ்சத்தனமும் கொடையும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கியிருக்கின்றனர்.

மேலே குறித்த பேரறிஞர் மூஸா இப்னு மைமூன். 1138 வாக்கில் குர்துபாவில் பிறந்து, 1204 இல் எகிப்தில் மறைந்தவர். ஸுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலின் ஆதரவு பெற்ற மருத்துவர். இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு துயரமான தொடர்புண்டு. இவர் கற்பதற்காகத் தம்பி தாவூத் வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். அத்தம்பி செங்கடற்கரையின் அய்தாப் துறைமுகத்திலிருந்து, தாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போவதாக எழுதிய கடிதம் கெய்ரோவின் பழைய யூத ஆலயத்துக் காகிதக் குவியலில் கிடைத்து, இன்று கேம்பிரிட்ஜில் உள்ளது. தாவூத் இந்தியக் கடலில் மூழ்கி மாண்டார். செய்தி கேட்டு ஓராண்டு படுக்கையில் கிடந்ததாகவும், ஆண்டுகள் பல கழிந்தும் தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சு புரள்வதாகவும் இப்னு மைமூன் பின்னர் ஒரு நண்பருக்கு எழுதினார்.

அவ்வணிகப் பாதை நம் முன்னோரும் சென்ற பாதைதான். கி.பி. 849 ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கிறித்தவக் கோயிலுக்கு அளித்த கொடைக்குச் சாட்சியாக முஸ்லிம்கள் கூஃபி எழுத்திலும் யூதர்கள் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். அச்செப்பேடு குறிக்கும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையே, கி.பி. 1000 வாக்கில் கொச்சி யூதரின் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மனால் அளிக்கப்பட்டது. தக்கலை அஞ்சுவண்ணத்தை அறிந்த நம் வாசகருக்கு இப்பெயர் புதிதாகாது.

இப்னு மைமூனின் தலாலத்துல் ஹாயிரீன், அதாவது திகைத்தோருக்கு வழிகாட்டி, 1190 வாக்கில் நிறைவுற்றது. மொழி அரபு, எழுத்தோ எபிரேயம். நம் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் எழுதி அறபுத் தமிழ் என்றனரே, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோர் மார்க்க நூல்களை அதில் யாத்தனரே, அதே முறை. வேதத்தை நம்பியும் பகுத்தறிவைக் கற்றும், உடலைச் சுட்டும் வசனங்களின் நடுவே திகைத்து நிற்கும் மாணவனுக்காக எழுதிய நூல் இது. முதல் அத்தியாயமே சாயல் என்ற சொல்லைப் பற்றியது. எபிரேயத்தில் புறவடிவுக்கு வேறு சொல் உண்டு. ஆதியாகமத்தில் வரும் சொல் ஒரு பொருளை அப்பொருளாக்கும் உள்ளியல்பைக் குறிப்பது. மனிதனுக்கு அது அறிவே என்கின்றார். ஆதமைப் படைத்தது பற்றிய ஹதீஸில் வரும் ஸூரத் என்ற சொல்லுக்கு நம் முஹத்திஸ்கள் எத்தனை பக்கம் செலவிட்டுள்ளனர் என்பதை ஓதியவர் அறிவர். அரியணையைக் குறிக்கும் எபிரேயச் சொல் கிஸ்ஸே. நம் குர்ஸியின் உடன்பிறப்பு. அது மாட்சியைக் குறிக்கும், அமர்தல் என்பது மாறாமல் நிலைத்திருத்தலைக் குறிக்கும் என்று அவர் எழுதும் பகுதி, இஸ்திவா பற்றிய நம் பாடத்தை வேறொரு குரலில் கேட்பது போலிருக்கும். கற்பலகையை எழுதிய விரலோ, அவருக்கு இறைவனின் நாட்டமே. ஓங்கெலோஸ் அதனை மாற்றாமல் விட்டதற்கு, படைக்கப்பட்ட ஒரு கருவி என்று அவர் எண்ணியிருக்கக்கூடும் என்று காரணம் கற்பித்துவிட்டு, நாட்டம் என்றே கொண்டிருக்கலாமே என்று வியந்துகொள்கின்றார். தப்ரேஸி என்ற முஸ்லிம் அறிஞர் இந்நூலின் ஒரு பகுதிக்கு அரபியில் உரை வகுத்ததும் குறிப்பிடத்தக்கது.

இதுவரை அவரோடு மகிழ்ந்து நடக்கலாம். ஆனால் அவர் அடுத்து வைத்த அடி மிகக் கடுமையானது. தம் சட்டத்தொகுப்பு நூலில், இறைவன் ஒருவனே என்று நம்பியும் அவனுக்கு உடலும் வடிவும் உண்டு என்று எண்ணுபவன் சமயத் துரோகி, மறுமையில் பங்கற்றவன் என்று தீர்ப்பெழுதினார். கல்லாதவன் என்பதும், வசனத்தின் நேர்பொருளைப் பற்றினான் என்பதும் சாக்காகா என்றார். இத்தனைக்கும் இளமையில் எழுதிய மிஷ்னா உரையில் ஷிஊர் கோமா நூலை மதித்துக் குறித்தவர் அவரே. பின்னாளில் தம் கைப்பிரதியில் அவ்வரியை அடித்துவிட்டார்.

இக்கடுமை எங்கிருந்து வந்தது? அவர் குடும்பத்தை ஸ்பெயினிலிருந்து அலையச் செய்த முவஹ்ஹிதூன் ஆட்சியினர், எதிரிகளை முஜஸ்ஸிமூன், அதாவது உடல் கற்பிப்போர் என்று பட்டம் சூட்டிப் போரிட்டவர்கள். இறைவனுக்கு உடலில்லை என்ற கொள்கையைப் பாமரரும் கற்றே ஆகவேண்டும் என்று ஆணையிட்டவர்கள். துரத்தியவர்களின் கொள்கை வேகம் துரத்தப்பட்டவரிடமும் ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நமக்கும் அது பொருத்தமாகவே படுகின்றது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505 இல், மறைவுக்குச் சில நாட்களுக்கு முன் முடித்த இல்ஜாமுல் அவாம் என்ற நூலில் வேறுவழி காட்டினார். இறைவன் உடலினின்று தூயவன் என்று பாமரன் நம்பட்டும். அதற்குமேல் பொருள் தேடாமல் வாய்மூடி, அறிந்தோரிடம் ஒப்படைக்கட்டும் என்றார். இதனையே தஃப்வீள் என்பர். பாமரர் என்ற சொல்லில் இலக்கணம் கற்றவரையும் ஹதீஸ் அறிஞரையும் ஃபகீஹையும் சேர்த்தே அவர் எண்ணினார் என்பதை நம்மனைய ஆசிரியர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. தஃவீல் செய்தவனைக் காஃபிராக்க விரைபவரைத் தடுத்து நிறுத்தவே ஃபைஸலுத் தஃப்ரிகா என்று தனிநூலும் எழுதினார்.

யூதரிடையே இப்னு மைமூனைத் தடுத்து நிறுத்தியவர், தென் பிரான்சின் போஸ்கியேர் ஊரினரான ஆபிரகாம் பென் தாவீத் (மறைவு 1198). அவர் இறைவனுக்கு உடலுண்டு என்று வாதிடவில்லை. அத்தீர்ப்பு வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: இவனை ஏன் துரோகி என்கின்றாய்? உன்னைவிடப் பெரியோரும் சிறந்தோரும் வேத வசனங்களைப் பார்த்தும், மனத்தைக் குழப்பும் பழங்கதைகளைப் பார்த்தும் அவ்வழியில் எண்ணிவிட்டனரே என்பது அதன் கருத்து. இக்குறிப்புக்கு மென்மையான வேறொரு வாசகமும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் யோசேப்பு அல்போ அதைப் பதிந்துள்ளார். அதன்படி, கொள்கை இப்னு மைமூன் சொன்னதுதான்; ஆயினும் சொல்லின் நேர்பொருளை நம்பித் தவறியவனைத் துரோகி என்றழைத்தல் தகாது.

மோஸே தாகு என்ற இன்னொருவரோ மறுபுறம் நின்று, இறைவன் நாடினால் உருவில் தோன்ற இயலாது என்று அவனுக்கு எல்லை வகுக்க நீங்கள் யார் என்று ஸஅதியாவையும் இப்னு மைமூனையும் ஒருங்கே எதிர்த்தார். 1232 இல் தலாலத்தைப் படிக்கத் தடையும், தடை விதித்தோர்மீது எதிர்த்தடையுமாக யூத ஊர்கள் பிளவுண்டன. கிறித்தவத் துறவியர் கையில் அந்நூல்கள் தீக்கிரையாயின என்று அக்காலக் கடிதங்கள் கூறும். முடிவில் கொள்கை அளவில் வென்றவர் இப்னு மைமூனே. இறைவனுக்கு உடலில்லை என்பது யூதரின் வழிபாட்டுப் பாடலிலேயே ஏறிவிட்டது. ஆனால் ஆபிரகாம் பென் தாவீதின் அந்தச் சிறு குறிப்பையும் அவர்கள் நீக்கவில்லை. சட்டத்தொகுப்பை அச்சிடும்போதெல்லாம் பக்கத்திலேயே அதனையும் அச்சிட்டு வருகின்றனர்.

அக்குறிப்பைப் பற்றி முதன்முதல் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா, அவன் எங்கே இருக்கின்றான் என்று நம் ஊர்களில் மேடை போட்டு வாதாடியதும், ஒரே தெருவினர் ஒருவர் பின் ஒருவர் தொழ மறுத்ததும் வாசகர் அறியாததன்று. நம் உறக்கத்தைக் கெடுத்தது அதுவன்று. நாம் இவ்வூருக்கு வந்த புதிதில் இராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர், தொழிற்சாலை வாயிற்காவல் பணி பார்த்தவர், இரவுப் பணிக்குப் போகுமுன் நம் வகுப்பில் வந்து அமர்வார். ஒருநாள் பேச்சுவாக்கில், "மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான், ஹஜ்ரத்" என்றார். நாம் எல்லார் முன்னிலும் அவரை நிறுத்தி, இறைவனுக்கு மேல் கீழ் என்ற திசை கற்பிப்பது ஈமானுக்குப் பழுது, தவ்பாச் செய்யுங்கள் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "துஆக் கேட்கும்போது கையை மேலேதானே ஏந்துறோம்? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். கஅபா தொழுகைக்குக் கிப்லாவாயிருப்பதுபோல் வானம் துஆவுக்குக் கிப்லா என்று கஸ்ஸாலி இமாம் சொன்ன விளக்கம் நமக்குத் தெரியும். அன்று அதைச் சொல்லவில்லை. வாதத்தில் வென்ற நினைவே நெஞ்சில் நிறைந்திருந்தது. அவர் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

சென்ற மாதம் அச்சிறுவனுக்கு ஓங்கெலோஸையும் ஸஅதியாவையும் கதைபோலச் சொன்னோம். 'கைவிட்டான்' என்ற சொல்லைச் சொல்லி எந்தக் கை என்று கேட்டபோது மாணவர் அனைவரும் சிரித்தனர். அவன் மட்டும் சிரிக்காமல், "அப்படியானால் விரல் என்றே நினைத்துவிட்டவர் காஃபிரா, ஹஜ்ரத்?" என்றான். இல்லை என்றோம், போஸ்கியேர் ஊர் அறிஞரின் ஓரக்குறிப்பைச் சொன்னோம். வகுப்பு முடிந்து அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தோம். பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்றென்றார்கள். எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்தவர் இங்கே எவரும் இல்லை.